அரைக் கிலோ மண்

பையை மட்டும் மிதித்துவிடாதீர்கள் அம்மா. மேலே கம்பியில் வைக்க முடியாது. கண்டக்டர் மேலே வைக்கத்தான் சொன்னார். இதைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு நான் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பேனா? உள்ளே ஒன்றுமில்லை, மண்தான். அரைக் கிலோ மண். ஆனால் என்னுடைய மண் இல்லை.

நீங்கள் டீச்சரா? இல்லையா? பார்த்தால் டீச்சர் மாதிரிதான் இருக்கிறீர்கள். ஒரு காகிதம் வைத்திருக்கிறேன், படித்துச் சொல்ல ஆள் வேண்டும், அதற்காகக் கேட்டேன். நான் நாலாவதோடு நின்றவள். பஸ் போர்டு படிப்பேன், சுவரில் எழுதியதைப் படிப்பேன். இது எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்து. நடுநடுவே கட்டம், கட்டத்துக்குள் எண். இப்போது எடுக்க வேண்டாம். மலையடி வளைவு வருவதற்கு முக்கால் மணி நேரம் ஆகும், நான் அங்கேதான் இறங்க வேண்டும். முதலில் விஷயத்தைக் கேளுங்கள் டீச்சரம்மா. விஷயம் தெரியாமல் படித்து உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்தப் பாவம் வேறு எனக்கு.

எனக்கு ஓரகத்தி ஒருத்தி இருக்கிறாள். கொழுந்தன் பெண்டாட்டி, கோமளா என்று பெயர். பன்னிரண்டாவது படித்தவள். அவள் வாயால் அதைச் சொன்னதில்லை, நடக்கிற நடையே சொல்லும். கொழுந்தன் பெங்களூரில் கொத்து வேலை செய்கிறான். இங்கே இருப்பது அறுபது சென்ட் கொல்லையும் ஒரு கிணறும்தான். எங்கள் மாமியார் சாகக் கிடந்தபோது இரண்டு பேரையும் கூப்பிட்டு, "மண்ணுக்குள்ள வெளையறது பெரியவளுக்கு, மண்ணுக்கு மேல வெளையறது சின்னவளுக்கு. கொல்லைய மட்டும் ரெண்டா அறுக்காதீங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார்.

அன்றிலிருந்து ஆறு வரிசை மல்லாட்டை போட்டால் ஒரு வரிசை துவரை. நீங்கள் நிலக்கடலை என்பீர்கள், எங்கள் பக்கம் மல்லாட்டை. மல்லாட்டை எனக்கு, துவரை அவளுக்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரே இலையில் இரண்டு பேரை உட்கார வைத்தால் யார் அதிகம் தின்கிறார்கள் என்று பார்க்கத் தோன்றுமா, தோன்றாதா? நான் ஐப்பசியில் மல்லாட்டை பிடுங்கிவிடுவேன். அதற்குப் பிறகுதான் அவள் துவரை நெடுநெடுவென்று வளரும், தை வரைக்கும் நின்று காய்க்கும். யாருடைய சத்தைத் தின்று வளர்கிறது?

எங்கள் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "மல்லாட்ட வேரு மேலாப்புல திங்குது, தொவர வேரு ஆழத்துல போயித் திங்குது. ரெண்டும் வேற வேற பந்தி. நீ ஏன்டி நடுவுல எலைய எண்ணிக்கிட்டு நிக்கற" என்றார். அவர் எப்போதுமே அவள் பக்கம்தான் பேசுவார்.

அவளும் நானும் பேசி இரண்டு வருஷம் ஆகிறது. நான் வீண் சண்டைக்குப் போகிறவள் இல்லை. காயப்போட்டிருந்த என் புடவையை எடுத்து மடித்து என் கட்டில்மேல் வைத்திருந்தாள். மழை வருகிறது என்று எடுத்தாளாம். மழை வந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் என் புடவையைத் தொட அவள் யார்? அன்றோடு பேச்சு நின்றது.

பேச்சு நின்றாலும் விஷயம் போய்ச் சேரவேண்டும் அல்லவா? இரண்டு வீட்டுக்கும் நடுவில் மாட்டுக் கொட்டகை. செவலை என்று ஒரு பசு, இரண்டு வீட்டுக்கும் பொது. அவள் சொல்ல வேண்டியதைச் செவலையிடம் சொல்வாள். நானும் செவலையிடம்தான் சொல்வேன். "செவல, கரண்டு வந்துருச்சாம், மோட்டாரு போடணும்" என்பாள். நான் போய் மோட்டார் போடுவேன். அந்த மாடு எங்கள் வீட்டில் கேட்ட பேச்சுக்கு, வாய் இருந்தால் பஞ்சாயத்துக்கே போயிருக்கும்.

போன ஆனி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, உச்சி வேளை. நான் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தேன். கோமளா கையில் மண்வெட்டியும் பிளாஸ்டிக் வாளியுமாகக் கொல்லைக்குள் வந்தாள். ஒரு இடத்தில் சாண் ஆழத்துக்குக் கோணலாக ஒரு குழி வெட்டினாள். பக்கவாட்டில் சுரண்டி ஒரு பிடி மண் எடுத்து வாளியில் போட்டாள். குழியை மூடினாள். பத்தடி தள்ளிப் போய் இன்னொரு குழி. நான் எண்ணினேன், பத்துக் குழி. வரப்போரம் எடுக்கவில்லை, மரத்து நிழலில் எடுக்கவில்லை, எருக் குப்பைப் பக்கம் எடுக்கவில்லை. பார்த்துப் பார்த்து நடுக்கொல்லையில் எடுத்தாள்.

கேளுங்கள், இனிமேல்தான் இருக்கிறது. எல்லா மண்ணையும் சாக்கில் கொட்டி வட்டமாகப் பரப்பினாள். விரலால் குறுக்கே ஒரு கோடு, நெடுக்கே ஒரு கோடு. நாலு பங்கு. எதிரும் புதிருமாக இரண்டு பங்கைத் தள்ளிவிட்டாள். மிச்சத்தைக் கலந்து மறுபடி வட்டம், மறுபடி கோடு, மறுபடி இரண்டு பங்கு வெளியே. கடைசியில் அரைக் கிலோ தேறியது. அதைத் துணிப்பையில் கட்டி, ஒரு சீட்டு எழுதி உள்ளே போட்டாள். நான் வேப்பமரத்துக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். ஒருத்தி காலடி மண்ணை எடுத்தால் எதற்கு எடுப்பாள் என்று பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

மறுநாள் பையோடு பஸ் ஏறிப் போனாள். வந்ததும் செவலையிடம், "ஆபீசுல மண்ணு குடுத்துட்டு வந்தேன்டி. பத்து நாள்ல சொல்லுவாங்க" என்றாள். எந்த ஆபீஸ் என்று செவலை கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆடியில் விதைத்தோம். முதல் களை வெட்டும்போது ஒரு மல்லாட்டைச் செடியையும் ஒரு துவரைச் செடியையும் வேரோடு பிடுங்கிக் கொட்டகைக்குக் கொண்டுவந்தாள். வேரில் முண்டு முண்டாக இருக்கும், பார்த்திருப்பீர்கள். நான் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். அதில் ஒன்றை நகத்தால் கீறினாள். உள்ளே சிவப்பு டீச்சரம்மா. ரத்தம் மாதிரி. அதை மாட்டின் மூக்குக்கு நேரே நீட்டினாள். "பாத்தியா செவல, ரெண்டுக்கும் வேருலயே அடுப்பு இருக்கு. காத்துல இருக்கற சத்த இழுத்து அதுவே ஆக்கித் திங்கும். யூரியாவ அள்ளிப் போட்டா சோம்பேறியாயி அடுப்ப அணச்சிரும். எல தான் வரும், காயி வராது."

சோம்பேறி. யாரைச் சொன்னாள்? மாட்டையா சொன்னாள்? அன்றைக்கு நான் எட்டு மணிக்குத்தான் களைவெட்டுக்குப் போனேன், இடுப்பு வலி. அதைத்தான் குத்திக் காட்டினாள். அதோடு, என் மல்லாட்டைக்கு நான் உரம் போடக்கூடாதாம். ஏன் போடக்கூடாது? போட்டால் என்னுடையது வளர்ந்துவிடும், அவளுடையது தெரியாமல் போய்விடும். எனக்கு இதுகூடப் புரியாதா? அந்த வாரமே ஒரு மூட்டை யூரியா வாங்கி, வீட்டுக்காரர் சந்தைக்குப் போயிருந்த நேரம் பார்த்து மல்லாட்டை வரிசை எல்லாவற்றிலும் தூவினேன். துவரை வரிசையை மட்டும் ஒரு முழம் விட்டுத் தூவினேன். கை தவறிக்கூட அங்கே ஒரு மணி விழவில்லை.

எப்படி வந்தது தெரியுமா மல்லாட்டை. கருகருவென்று, முழங்கால் உயரம். ரோட்டில் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்கள். கோமளாவும் வரப்பில் நின்று பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அந்தக் கண்ணுக்குத்தான் நான் அன்றைக்கே உப்பு மிளகாய் சுற்றிப் போட்டிருக்க வேண்டும், விட்டுவிட்டேன்.

நாற்பத்தைந்தாம் நாள் செடி அடியில் மண் அணைக்க வேண்டும். அதற்கு முந்தின இரண்டு நாளும் அண்ணன் மகள் வளைகாப்புக்குப் போயிருந்தேன். வந்து கொல்லைக்குப் போனால் என் செடிகளைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகப் பொடி. ஒவ்வொரு செடி அடியிலும். துவரை வரிசையில் ஒரு சிட்டிகை இல்லை. என் செடிக்கு மட்டும்.

நான் போட்ட சத்தத்தில் வீட்டுக்காரர் ஓடிவந்தார். "அது ஜிப்சம்டி. மல்லாட்டைக்குத்தான் போடணுமாம், காயி கெட்டியாவுமாம். கோமளா வாங்கியாந்துச்சு, நானும் சேர்ந்துதான் போட்டேன்" என்றார்.

நானும் சேர்ந்து போட்டேன் என்கிறார். சாம்பலுக்கும் விபூதிக்கும் வித்தியாசம் தெரியாத மனுஷன் வாயில் ஜிப்சம் என்று வருகிறது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது, இவருக்கும் எதையோ கொடுத்து மயக்கிவிட்டாள்.

மறுநாள் மண் அணைக்க ஆள் வந்துவிடும், பொடி மண்ணோடு கலந்துவிடும். அதனால் விடிந்ததும் தென்னை விளக்குமாறும் முறமும் எடுத்துக்கொண்டு போனேன். குனிந்து குனிந்து, செடி செடியாகக் கூட்டி வாரினேன். வாரினதை எங்கே போடுவது? யார் வைத்தார்களோ அவர்களுக்கே திருப்புவதுதான் முறை. எல்லாவற்றையும் அவளுடைய துவரை வரிசையில் கொட்டினேன். பொழுது சாய்கிற வரை வாரினேன். கிணற்று மேட்டுப் பக்கம் நாலு வரிசை மட்டும் பாக்கி. இடுப்பு விட்டுப்போனது, நிமிர முடியவில்லை. போகட்டும் என்று வந்துவிட்டேன்.

செவலையிடம் அன்றைக்கு அவள் ஒன்றும் பேசவில்லை. தவிட்டுத் தண்ணீர் வைத்துவிட்டுப் போய்விட்டாள். குற்றமுள்ள நெஞ்சு, எப்படிப் பேசும்?

ஐப்பசியில் பிடுங்கினோம். செடியைத் தூக்கினால் ஆட்டுக்குட்டி கனம். புரட்டிப் பார்த்தால் நாலு காய், ஐந்து காய். அதையும் காதுப் பக்கம் வைத்து ஆட்டினால் உள்ளே ஒன்றுமில்லை. உடைத்தால் காற்று. பொக்கு. அறுபது சென்டும் பொக்கு. கூலிக்கு வந்த பெண்கள், "ஏக்கா, மல்லாட்டைக்குப் பதிலா கீரை போட்டிருக்கலாம்" என்று சிரித்தார்கள். நான் வரப்பில் உட்கார்ந்துவிட்டேன்.

இதையும் சொல்லவேண்டும். கிணற்று மேட்டு நாலு வரிசையில் மட்டும் காய் குறைச்சலாக இருந்தாலும் ஒவ்வொன்றும் கல் மாதிரி. உடைத்தால் பருப்பு பிதுங்கி வந்தது. கிணற்றடியில் முனீஸ்வரன் இருக்கிறார். அவர் கண் எட்டின தூரம் வரைக்கும் காப்பாற்றியிருக்கிறார். தெய்வம் இல்லை என்று சொல்கிறவர்களை அந்த நாலு வரிசையில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும்.

அவள் துவரையைக் கேட்கிறீர்களா? இப்போது போய்ப் பாருங்கள். காய்ப் பாரம் தாங்காமல் சாய்ந்து கிடக்கிறது. நான் திருப்பிவிட்ட பொடி அவளை ஒன்றும் செய்யவில்லை. அந்த அளவுக்குக் கட்டு கட்டி வைத்திருக்கிறாள்.

இதற்கு மேல் எப்படி ஒரே கொல்லையில் இருப்பது? பங்காளிகளைக் கூட்டினேன். நடுவில் வரப்பு போடுங்கள், மூத்தவள் பங்கு கிணற்றுப் பக்கம் என்றேன். அவர்களும் சரியென்று, பொங்கல் கழிந்த நாலாம் நாள் அளந்து பிரிக்கக் கயிறு பிடிக்க வருகிறார்கள். இன்னும் எட்டே நாள். அவளுக்கு வருகிற பாதியில் தண்ணீர் இல்லை. கயிறு போகிற வழியிலும் வரப்புக்கு மண் வெட்டுகிற இடத்திலும் துவரை மிதிபடும், அறுக்க இன்னும் பத்துப் பதினைந்து நாள் இருக்கிறது.

அன்றைக்குத்தான் அவள் இரண்டு வருஷம் கழித்து என்னிடம் நேராகப் பேசினாள். வாசலில் வந்து நின்று, "அக்கா, வரப்பு போட்டுக்கோங்க. கிணத்தையும் வச்சிக்கோங்க. தொவர அறுத்தப்புறம் போடுங்க, அது போதும்" என்றாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மாட்டிடம் சொல்ல வேண்டியதை என்னிடம் சொன்னால் நான் என்ன செய்வேன்?

வீட்டுக்காரர் அன்று சாப்பிடவில்லை. "தண்ணியில்லாத பாதிய வச்சிக்கிட்டு அது என்ன பண்ணும்? பெங்களூருக்குப் போயி சிமென்ட் சட்டி தூக்கும். அதான உனக்கு வேணும்?" என்றார். எனக்கு அது வேண்டும் என்று நான் சொன்னேனா? எனக்கு மல்லாட்டை வேண்டும். உள்ளே பருப்போடு வேண்டும்.

வரப்பு போட்டாலும் வைத்த வினை போகாதல்லவா? அதனால்தான் மலையடி வளைவில் குறி சொல்கிறவரிடம் போகிறேன். போன வாரமே ஒரு தடவை போனேன். "அவ கொல்லை மண்ணு அரைக் கிலோ கொண்டா. உன் பேரு எழுதின காயிதம் ஒண்ணு அவ வீட்டுல இருக்கும், அதையும் கொண்டா" என்றார். மண்ணை இன்று காலையில் துவரை வரிசையில் எடுத்தேன். பத்து இடத்தில் எடுத்தேன், அவள் எடுத்த மாதிரியே. இல்லை, நான் எடுத்தது வேறு, அவள் எடுத்தது வேறு. நான் காப்புக்கு எடுத்தேன்.

காகிதம் நேற்று கிடைத்தது. அவள் துணி துவைக்கப் போயிருந்தாள். திருடினேன் என்று நினைக்காதீர்கள், கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தாள். அங்கே வைக்கிற காகிதம் வேறு என்னவாக இருக்கும்? இந்தாருங்கள். கட்டம் கட்டமாக இருக்கிறது பாருங்கள், யந்திரம் எழுதின மாதிரி. மெதுவாகப் படியுங்கள்.

மண் பரிசோதனை முடிவு. சரி. விவசாயி பெயர், பச்சையம்மாள். அது நான்தான். சொன்னேனே, என் பெயரைத்தான் எழுதியிருக்கிறாள். கணவர் பெயர், ஆமாம், அவர்தான். நான் சொல்லமாட்டேன், நீங்கள் சொல்லலாம். மண் கொண்டுவந்தவர் கோமளா. உறவு?

தங்கையா? இன்னொரு தடவை பாருங்கள். எழுத்து சரியாகத் தெரிகிறதா?

தங்கையாம். இவளாகவே எழுதிக்கொள்வாளா. கேட்கிறவர்கள் கேட்டிருப்பார்கள், ஓரகத்தி என்று எழுத இடம் போதாமல் இருந்திருக்கும். சரி, கீழே படியுங்கள். கடலையும் துவரையும் கலந்து பயிரிட. ம். இரண்டும் பயறு வகை, வேர் முடிச்சில் தழைச்சத்தைத் தாமே சேர்த்துக்கொள்ளும், ஆகவே மேலுரமாக யூரியா... வேண்டாம் என்றா போட்டிருக்கிறது?

படியுங்கள், நிறுத்தாதீர்கள். கந்தகம் குறைவு. நாற்பத்தைந்தாம் நாள் மண் அணைக்கும்போது கடலைச் செடியின் அடியில் ஜிப்சம் இடவும். இடாவிட்டால்? இடாவிட்டால் என்ன?

காய் பொக்காகும். அச்சிலேயே இருக்கிறதா? கையால் எழுதினது இல்லையே?

தேதி என்ன போட்டிருக்கிறது? ஜூலை பதினொன்று. அப்படியென்றால் ஆனிக் கடைசி. விதைப்பதற்கு முன்னால். நான் யூரியா போடுவதற்கு முன்னால். விளக்குமாறு எடுப்பதற்கு முன்னால்.

அப்போது அந்த நாலு வரிசை... இல்லை, அது முனீஸ்வரன்தான். அவர் ஏதோ நினைத்துத்தான் என் இடுப்பைப் பிடித்து நிறுத்தியிருக்கிறார்.

கண்டக்டர் கத்துகிறாரே, மலையடி வளைவுதான். இருக்கட்டும், இறங்கவில்லை. முழங்கால் பிடித்துக்கொண்டது. ரைட் கொடுக்கச் சொல்லுங்கள், டவுனில் இறங்கித் திரும்புகிற பஸ்ஸில் போய்க்கொள்கிறேன். அந்தக் காகிதத்தை மடியுங்கள். மடிப்பு மாறாமல் மடியுங்கள், துணி துவைத்து அவள் திரும்புவதற்குள் நான் எடுத்த இடத்திலேயே வைத்தாக வேண்டும். இன்றைக்கும் துவைப்பாள், பயப்படாதீர்கள். அவளுக்கு அதே வேலை.

ஒன்று மட்டும் நினைத்துக்கொள்ளாதீர்கள் டீச்சரம்மா, நான் ஏமாந்துபோனேன் என்று. ஆபீஸ் காகிதம் நூறு சொல்லும். நான் நேரே வீட்டுக்குப் போய், குறிகாரரைப் பார்த்துவிட்டு வந்தேன் என்றுதான் சொல்லப்போகிறேன். என்ன சொன்னார் என்று கேட்டால், துவரை அறுக்கிற வரைக்கும் கொல்லையில் கயிறு விழக்கூடாது, விழுந்தால் மூத்தவள் தலைக்கு ஆகாது என்று சொன்னார். அறுத்த பிறகும் உடனே வேண்டாம், அடுத்த மல்லாட்டை வரைக்கும் பார்க்கலாம் என்றார். அடுத்த மல்லாட்டைக்கு யூரியா ஆகாது, அது இந்த வீட்டுக்கு ராசியில்லை என்றார். நாற்பத்தைந்தாம் நாள் வெள்ளைப் பொடி போட வேண்டும். அதை யார் கையால் போடுவது? வீட்டுக்கு இளையவள் கையால். அப்படித்தான் சொன்னார். சொல்லியிருப்பார்தானே, நான் போயிருந்தால்?

இந்த மண்ணை அந்தந்தக் குழியிலேயே கொட்டிவிடுவேன். பத்தும் எனக்கு அடையாளம் தெரியும்.

அவளிடம் இதையெல்லாம் நேரில் போய்ச் சொல்வேன் என்று நினைக்காதீர்கள். புடவை விஷயம் இன்னும் தீரவில்லை. சாயங்காலம் கொட்டகையில் செவலையிடம் சொல்வேன். கொஞ்சம் உரக்கவே சொல்வேன், மாட்டுக்கு இப்போதெல்லாம் காது மந்தம்.